எழுபத்திரண்டில் ஒன்று

தஞ்சாவூர் விமானதளத்தில் இன்று நிற்பது சுகோய் போர் விமானம். 2020 ஜனவரியில் இந்திய விமானப்படையின் 222-வது ஸ்குவாட்ரன் அங்கே வந்தபோது பத்திரிகைகள் பிரம்மோஸ் ஏவுகணையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அதே ஊரில் 1942 கடைசியில் வந்து இறங்கியது துணி போர்த்திய விமானம். விக்கர்ஸ் வெலிங்டன், இரட்டை இன்ஜின் குண்டுவீச்சு விமானம். பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரன் 1942 அக்டோபரில் தஞ்சாவூரில் மறுபடி உருவாக்கப்பட்டு, இந்த விமானங்களோடு வங்கக் கடலுக்கு மேல் நீர்மூழ்கி தேடியது. 1943 ஜூனில் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

கோடியக்கரையில் என் மேஜைமேல் இப்போது அந்த வெலிங்டனின் மாடல் பாதி உடம்போடு கிடக்கிறது. ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் நிறுவனம் 2018-ல் புதிதாக அச்சு எடுத்து வெளியிட்ட 1:72 கிட். கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டதும் அதே 2018-தான், நவம்பர் 16.

*

பெட்டி விமானத்தைத் தருகிறது. இடத்தைத் தருவதில்லை. உள்ளே வரும் டிகால்கள், அதாவது ஒட்டுச் சின்னங்கள், ஐரோப்பியப் போர்முனைக்கானவை. நிறக் குறிப்பும் அப்படியே. தஞ்சாவூரை நாம்தான் கையால் செய்து சேர்க்க வேண்டும். இந்த நோட்டில் எழுதுவதெல்லாம் அந்தச் சேர்க்கையின் கணக்கு.

*

ஏன் தஞ்சாவூர்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியக் குண்டு. 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9-ம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது, அரசு அலுவலகங்கள் உட்பட. வங்கக் கடல் ஒரே மாதத்தில் போர்க்களமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கிழக்குக் கரை நெடுக விமானங்களுக்கு வேலை வந்தது. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கி ஏறின. தஞ்சையில் வெலிங்டன்.

36-வது ஸ்குவாட்ரனுக்கு இது இரண்டாவது பிறவி. முதல் பிறவி சிங்கப்பூரில். அங்கே அவர்களிடம் இருந்தது வில்டபீஸ்ட், இரட்டைத் தட்டு இறக்கை, திறந்த காக்பிட், காலம் கடந்த விமானம். 1942 ஜனவரி 26 அன்று மலேயாவின் எண்டாவ் கரையில் இறங்கிய ஜப்பானியப் படையைத் தாக்கப் பட்டப்பகலில் அதை அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை. மிச்சமிருந்தவை ஜாவாவின் வீழ்ச்சியோடு முடிந்தன. தஞ்சைக்கு வந்தது எண் மட்டும்தான் என்று சொல்லலாம்.

*

அளவுக் கணக்கு. நிஜ இறக்கை நுனிக்கு நுனி 26.26 மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் 36.5 செ.மீ. நீளம் 19.69 மீட்டர், மேஜையில் 27.3 செ.மீ. ஒரு ஆள் 24 மில்லிமீட்டர்.

திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். மாடலில் 1 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு கீறினால் நிஜத்தில் அது 7 செ.மீ. பள்ளம், கை போய்விடும். ஈரப் பெயின்ட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும் கொசு, நிஜ அளவில் முழங்கை நீளப் பிராணி. மாலை ஆறு மணிக்குமேல் இங்கே பெயின்ட் அடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

*

வெலிங்டனின் எலும்புக்கூடு விசேஷமானது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்தது. அணைகளை உடைத்த துள்ளும் குண்டு பிற்பாடு அவர் செய்ததுதான். அதற்கும் முன்னால் ஆர்-100 என்ற வான்கப்பலில் வேலை பார்த்தவர். அலுமினியக் கலவைப் பட்டைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி, வளைந்து ஓடும். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் மாதிரி. ஒரு பட்டை அறுந்தால் பாரத்தைப் பக்கத்துப் பட்டைகள் பகிர்ந்துகொள்ளும். பெரிய ஓட்டை விழுந்த விமானங்கள் வீடு திரும்பியதற்குக் காரணம் இதுதான். மேலே ஐரிஷ் லினன் துணி, அதன்மேல் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சு. டோப் காயும்போது துணியைச் சுருக்கி முரசுத் தோல் விறைப்புக்குக் கொண்டுவரும்.

1936 ஜூன் 15 அன்று முதலில் பறந்தது. மொத்தம் 11,461 செய்தார்கள். முழுசாக மிஞ்சியவை இரண்டே. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில். இன்னொன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியின் அடியில் 45 வருடம் கிடந்து, 1985-ல் மேலே வந்து, புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. துணி போன பிறகும் கூடு நின்றது. மாடல் செய்பவனுக்கு அந்தத் தண்ணீரில் கிடந்த விமானம்தான் பாடப்புத்தகம்: தோல் இல்லாமல் உள்ளே எப்படி இருந்தது என்று காட்டிவிடுகிறது.

*

துணியின் தொய்வு. பட்டைகளுக்கு நடுவே துணி லேசாக உள்வாங்கும். பழைய கிட்களில் இதைப் பள்ளமும் மேடுமாகக் காட்டியிருப்பார்கள். 0.2 மில்லிமீட்டர் பள்ளம் என்றால் நிஜத்தில் ஒன்றரை செ.மீ. விறைத்த துணி அவ்வளவு தொய்ந்தால் எந்த மெக்கானிக்கும் பறக்க விடமாட்டார். ஆகவே தேய்ப்பு வேலை. கட்டத்தின் விளிம்பை உப்புத்தாளால் மெல்லத் தடவி, பெயின்ட்டில் வெளிச்சம் நிழல் கொடுத்தால் போதும். கண் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

*

பக்கத்துத் தெரு அண்ணன் ஃபைபர் படகு ரிப்பேர் செய்பவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியது, அவர் தொழிலும் அதோடு பெருகியது. உடம்பின் இரண்டு பாதியை ஒட்டிய தையலை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி, புட்டியை ஒரே மொத்தமா வச்சிருக்கே?”

“இடைவெளி பெருசுண்ணே.”

“பெருசுன்னாலும் ரெண்டு தடவையா வை. உள்ளே காயாது. மேலே காஞ்ச மாதிரி காட்டும், நாலு நாள் கழிச்சு உள்வாங்கும். படகுலயும் அதேதான்.”

விரல் நகத்தால் தையலைத் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்ப்பதை அவர் நம்புவதில்லை. “வெளிச்சத்தைப் பக்கத்துல இருந்து அடிச்சுப் பாரு” என்றார். உலகத்து மாடல் புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் நாலு பக்கத்துக்கு எழுதுகின்றன.

போகும்போது கேட்டார்: “இதுல எத்தனை பேரு போவாங்க?”

“ஆறு பேருண்ணே.”

“கடலுக்கா?”

“ஆமா.”

“எஞ்சின் நின்னா?”

பெகாசஸ் இன்ஜின் இரண்டு, ஒன்றுக்கு ஆயிரம் குதிரைத்திறன் சொச்சம். கடலுக்குப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். ஒரே இன்ஜினில் பாரத்தோடு இந்த வகை உயரம் பிடித்து நிற்கத் திணறும் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

*

உப்பு. மாடல் கலையில் உப்பு வித்தை என்று ஒன்று உண்டு. முதலில் வெள்ளி நிறம். அதன்மேல் தண்ணீர் தொட்டு உப்புக் கல்லைத் தூவிக் காய விட்டு, மேல்நிறம் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டி உதிர்த்தால் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிகிற தோற்றம். வேதாரண்யம் உப்பளம் கூப்பிடு தூரத்தில். கல் உப்பு, பொடி உப்பு, வேண்டிய பருமனில் கிடைக்கும். இப்படி ஒரு வசதி எல்லா ஊர் மாடல்காரனுக்கும் வாய்க்காது.

ஆனால் வெலிங்டன் இடம் கொடுக்கவில்லை. துணியில் பெயின்ட் உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்? அடியில் இருப்பது செம்பழுப்பு டோப், அதற்கும் கீழே லினன். உலோகத் தகடு இருப்பது இன்ஜின் மூடிகளிலும் அவற்றின் பின்கூட்டிலும் இன்னும் சில இடங்களிலும்தான். ஆக உப்பு அங்கே மட்டும், ஒரு சிட்டிகை. உடம்பிலும் இறக்கையிலும் வேறு விதமான முதுமை: வெயிலில் வெளுத்த நிறம், ஒட்டுத் துணி போட்ட இடத்தில் மட்டும் புது நிறத்தின் சதுரம். சதுரங்களின் விளிம்பு சிதறலாக இருக்கக் கூடாது. துணியின் ஓரத்தை அரம்பப் பல் போல வெட்டி ஒட்டுவார்கள், பிரிந்து வராமலிருக்க.

*

வடகிழக்குப் பருவக்காற்று சமயத்தில் வார்னிஷ் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடுகிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்று அங்கே பனித்து, பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் சரியாகும். அல்லது தை வரை பொறுக்க வேண்டும்.

இதே தொல்லை டோப்புக்கும் உண்டு. அதனால்தான் தொழிற்சாலைகளில் டோப் அறையை வெதுவெதுப்பாகவும் உலர்வாகவும் வைத்திருப்பார்கள். வேல்ஸ் நாட்டின் பிராட்டன் ஆலையில் 24 மணி நேரத்துக்குள் ஒரு முழு வெலிங்டனைச் செய்து பறக்கவிட்டு, அதைப் பிரச்சாரப் படமாகவும் எடுத்தார்கள். அந்த வேகம் அந்த அறைகளில் சாத்தியம். ஐப்பசி அடைமழையில், கொட்டகை நிழலில், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டு டோப் தடவும் ஆளுக்கு நேரம் வேறு மாதிரி ஓடும். மாடலில் ஒட்டுச் சதுரங்கள் சற்றுச் சாம்பல் பூத்தாற்போல இருக்கலாம். இதைப் புத்தகத்தில் பார்த்து எடுக்கவில்லை, என் வார்னிஷ் சொல்லிக் கொடுத்தது.

*

வட்டச் சின்னம். பெட்டியில் இருப்பது நீலம், வெள்ளை, சிவப்பு. கிழக்கே 1942-க்குப் பிறகு சிவப்பு போக வேண்டியதாயிற்று. ஜப்பானிய விமானத்தின் இறக்கையில் சிவப்புச் சூரியன். தூரத்தில் பறக்கும் விமானத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் சொந்தப் பீரங்கியே சுட்டுவிடும். முதலில் சிவப்பின்மேல் வெள்ளை அடித்தார்கள். பிற்பாடு கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் என்று ஆனது. ஆகையால் பெட்டி டிகாலை ஒதுக்கிவிட்டு, வட்டங்களை ஸ்டென்சில் வெட்டி அடிக்கிறேன். வெள்ளைக்கு அடியில் சிவப்பு ரோஜா நிறமாகக் கசியும்படி விட வேண்டும். அவசரத்தில் ஒரே பூச்சு அடித்தால் அப்படித்தான் இருக்கும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறம் சொல்வது ஆபத்து. அந்நாளின் ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். நடுப் பொட்டு கறுப்பாகத் தெரிந்தால் அது சிவப்பு என்று படிக்கத் தெரிய வேண்டும்.

*

ஆன்டெனா கம்பிக்கு முதலில் கை போனது தங்கூசிக்கு. மீன்வலை நைலான் இழை, தெருவெல்லாம் கிடக்கிறது. 0.2 மில்லிமீட்டர் தங்கூசி நிஜத்தில் 14 மில்லிமீட்டர் கயிறு. ஆகாது. ஸ்ப்ரூ துண்டை, அதாவது கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டை, மெழுகுவத்திச் சுடரில் இளக வைத்து, இரண்டு கையாலும் நிதானமாக இழுத்தால் முடியைவிட மெல்லிய இழை வரும். வாடைக் காற்று வீசும்போது சுடர் நிற்காது. ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் புழுங்கும். கோடியக்கரையில் ஆன்டெனா ஒரு வியர்வை வேலை.

*

சக்கரத்தில் என்ன மண்? டெல்டா என்றதும் கறுத்த களிமண்ணைக் குழைக்கக் கை போகும். ஆனால் தஞ்சை விமானதளம் வயலில் இல்லை. ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலைப் பக்கம், நிலம் மேடேறிச் செம்மண்ணாகும் இடம். வல்லத்துச் செம்பாறை அந்தப் பக்கந்தான். ஈரக் களியில் ஓடுபாதை போட முடியாது. நெல் விளையாத மேட்டைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே சக்கரத்திலும் வயிற்றின் அடியிலும் செந்தூசி. புரோப்பெல்லர் கிளப்பிவிடும் தூசி வாலின் கிடை இறக்கைவரை போகும்.

எழும்பிய பிறகு பச்சை. பிறகு பழுப்பு உப்பளம், கோடியக்கரைக் காடு, கடல். கிழக்கே போகும் எந்த விமானத்துக்கும் இந்த முனை நல்ல அடையாளம்: கரைக்கோடு தெற்கே வந்து சட்டென்று மேற்கே மடங்கும் இடம், வரைபடத்தோடு ஒப்பிட எளிது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கல் மிச்சம் அப்போது நின்றிருந்தது. 2004 கடல் அதையும் சாய்த்துவிட்டது.

*

இங்கே பறவைக்கு வளையம் மாட்டும் ஆய்வாளர்கள் வருவார்கள். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய பணி. தூரத்தில் பறக்கும் பறவையை அவர்கள் நிறத்தால் அடையாளம் காண்பதில்லை. வெயிலுக்கு எதிரே எல்லாம் கறுப்புத்தான். இறக்கையின் வெட்டு, வாலின் நீளம், பறக்கும் தாளம்.

1:72 அளவு பிழைத்ததே இப்படி உருவத்தை வைத்து அடையாளம் காண வேண்டிய தேவையால். ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்ற கணக்கு 1930-களில் பிரிட்டனின் ஸ்கைபேர்ட்ஸ் கிட்களோடு பரவியது. போர் வந்ததும் நம்மவன் எது, எதிரி எது என்று வீரர்களுக்குக் கற்பிக்கக் கறுப்பு மாடல்கள் வேண்டியிருந்தன. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மரமாடல்கள் கேட்டது, அதே 1:72-ல். முப்பத்தைந்து அடி தூரத்தில் பிடித்துக் காட்டினால் அரை மைல் தூரத்து நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும் என்பது கணக்கு. இன்று நான் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வது, யாரைச் சுடக் கூடாது என்று பழக்குவதற்காக நிலைபெற்ற அளவு.

*

வெலிங்டனை வைத்து வீரக் கதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஜெர்மன் நகரங்கள்மேல் இரவு இரவாகக் குண்டு போட்ட விமானம் இது. தஞ்சையில் அதன் வேலை காவல். பெரும்பாலும் வெறும் நீரைப் பார்த்தபடி பறப்பது. கீழே அந்த ஆண்டுகளின் பேச்சு வேறு. பர்மா அரிசி நின்றுபோனது. நெல் விளையும் ஜில்லாவிலேயே விலை ஏறியது. அரசு கொள்முதலும் ரேஷனும் வந்தன. 1943-ல் வங்காளம் பஞ்சத்தில் செத்தது. வானத்தில் ரோந்து, களத்தில் நெல் கணக்கு, இரண்டும் ரங்கூன் விழுந்ததன் விளைவே. மாடலில் முதலாவதைத்தான் செய்ய முடிகிறது.

*

இந்தப் பக்கம் பறந்து உடல் கிடைக்காமல் போன விமானிகளின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். தரைப்படையும் சேர்த்து 24,000-க்கு மேல். புதைக்கக் கிடைத்தவர்களைத் தென்னிந்தியாவின் பல கல்லறைகளிலிருந்து எடுத்துவந்து, 1952-ல் சென்னை நந்தம்பாக்கத்தில் அமைத்த போர்க் கல்லறையில் சேர்த்தார்கள். விமானிகளுக்குக் கணக்கு இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது.

ஓடுபாதை போட்டவர்களுக்கு இல்லை. அந்த ஆண்டுகளில் இந்தியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட விமானதளங்களுக்குத் திட்டம் போட்டார்கள். இயந்திரம் குறைவு. கல் உடைத்ததும், சட்டியில் சுமந்ததும், தட்டி இறுக்கியதும் பெரும்பாலும் கூலி ஆட்கள், அதில் பெண்கள் ஏராளம். 1:72-ல் விமானி உண்டு, மெக்கானிக் உண்டு, குண்டு ஏற்றுபவர், சைக்கிள், நாய்கூட உண்டு. தலையில் சட்டி வைத்த பெண் நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை.

*

அடுத்த வேலைக்கான குறிப்பு:

செம்புக் கம்பி எலும்பு, உயரம் 21 மில்லிமீட்டர். அந்தக் காலத்துப் பெண், விமானியைவிடக் குட்டை. உடம்புக்கு எம்-சீல் புட்டி, இரண்டு தடவையாக, அண்ணன் சொன்னபடி. கழுத்தும் முதுகும் நேராக இருக்க வேண்டும். சுமை தலையில் இருக்கும்போது யாரும் கூனமாட்டார்கள். ஒரு கை சட்டியைப் பிடித்திருக்க, மறு கை வீசியபடி. சேலைக்கு டிஷ்யூ தாள், தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து. கொசுவத்தைக் காலுக்கிடையே இழுத்துச் செருகினால்தான் வேலை செய்ய முடியும். நிறம் அழுக்கு வெள்ளை, சாயம் போன சிவப்பு. முழங்கால்வரை செந்தூசி, சக்கரத்துக்குக் கலந்த அதே கலவை. சட்டிக்குப் பேனா மூடியின் நுனியை வெட்டிப் பார்க்கலாம்.

முதலில் மூன்று பெண்கள். மேஸ்திரி பிறகு. விமானியை இறக்கைக்கு அந்தப் பக்கம் நிறுத்தலாம்.